வெள்ளி நாணயம் வாங்கும்போதே விற்கும் விலையையும் கேளுங்கள்

செயலியில் ஓடும் வெள்ளி விலைக்கு யாரும் உங்களுக்கு ஒரு நாணயம் தரமாட்டார்கள். அது ஸ்பாட் விலை. பெரிய வணிகர்கள் தங்களுக்குள் சுமார் 1,000 அவுன்ஸ் எடையுள்ள கட்டிகளாகக் கைமாற்றிக்கொள்ளும் வெள்ளிக்கான விலை. உருக்கி, தகடாக்கி, அச்சடித்து, நாணயங்களுக்கான பிளாஸ்டிக் குழாயில் அடுக்கி, டீலர் வழியாக உங்கள் கைக்கு வரும் நாணயத்துக்கு அதன் மேல் ஒரு தொகை சேரும். அதைத்தான் பிரீமியம் என்கிறார்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளி ஏறுமா இறங்குமா என்றே யோசித்துக்கொண்டிருப்பார்கள். பணம் கரைவது பிரீமியத்தில்.

முதலில்: உலோகம் வேண்டுமா, நாணயம் வேண்டுமா?

முதலீட்டுக்காக வாங்குபவருக்கு எடையும் தூய்மையும் சரியாக இருக்க வேண்டும், நாளைக்குச் சட்டென்று விற்க முடிய வேண்டும். அவ்வளவுதான். சேகரிப்பாளருக்கு ஆண்டு, வடிவமைப்பு, அச்சின் நேர்த்தி, மொத்தம் எத்தனை அடித்தார்கள் என்பதெல்லாம் முக்கியம். இரண்டு ஆசையும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் இரண்டையும் ஒரே நாணயத்தில் தேடினால் பெரும்பாலும் இரண்டுமே கிடைக்காது. உலோகத்துக்கு இவ்வளவு, ரசனைக்கு இவ்வளவு என்று பணத்தை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யாமல் போனால் என்ன ஆகும் என்றால், விற்பவர் உங்களுக்காக முடிவு செய்துவிடுவார். முதலீட்டாளரிடம் 'அரிய நாணயம்' என்பார், சேகரிப்பாளரிடம் 'நல்ல முதலீடு' என்பார். காட்டுவது ஒரே நாணயத்தைத்தான்.

எடையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வெள்ளி நாணயத்தில் அவுன்ஸ் என்றிருந்தால் அது டிராய் அவுன்ஸ், அதாவது 31.1035 கிராம். சமையல் பொருள்களை எடை போடும் அவுன்ஸ் 28.35 கிராம்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'ஒரு அவுன்ஸ்' என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

தூய்மை 999 என்றால் ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. 9999 என்றால் பத்தாயிரத்தில் 9,999 பங்கு. முதலீட்டுக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. அந்த ஒரு கூடுதல் 9-க்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லா நாணயமும் 31.1 கிராம் என்று எண்ணிவிடவும் கூடாது. சீனாவின் பாண்டா நாணயம் 2016-லிருந்து ஒரு அவுன்ஸ் இல்லை, 30 கிராம். அதையும் ஒரு அவுன்ஸ் நாணயத்தையும் பக்கத்தில் வைத்து 'இது மலிவு' என்று நினைத்தால், ஏறத்தாழ 3.5% வெள்ளியைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பிரிட்டனின் பிரிட்டானியா இதற்கு நேர்மாறு. 2013-க்கு முந்தையவை 958 தூய்மை கொண்டவை. கலப்பு உலோகத்தையும் சேர்த்து 32.45 கிராம் இருக்கும், அதற்குள் ஒரு முழு அவுன்ஸ் தூய வெள்ளி உண்டு. எடை கூடுதலாக இருக்கிறதே என்று அதைப் போலி என ஒதுக்கிவிடாதீர்கள். எப்போதும் 'இதில் தூய வெள்ளி எத்தனை கிராம், ஒரு கிராமுக்கு என்ன கொடுக்கிறேன்' என்று வகுத்துப் பாருங்கள். விலைகளை ஒப்பிட அதைவிட நல்ல வழி இல்லை.

எந்த நாணயத்தில் தொடங்கலாம்

அரசு நாணயச் சாலைகள் அச்சடித்து, உலகம் முழுவதும் டீலர்களுக்குப் பழகிப்போன சில நாணயங்கள் உண்டு. அமெரிக்காவின் சில்வர் ஈகிள் 1986-ல் வந்தது. கனடாவின் மேப்பிள் லீஃப் 1988-ல். ஆஸ்திரியாவின் பில்ஹார்மோனிக் 2008-ல். பிரிட்டானியாவின் வெள்ளி வடிவம் 1997-ல் தொடங்கியது, 2013-லிருந்து 999 தூய்மை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட் தங்கத்தில் 1967-லிருந்தே இருந்தாலும் வெள்ளியில் 2017-ல்தான் வந்தது. இவற்றில் எதை வாங்கினாலும் விற்கும்போது 'இது என்ன நாணயம்?' என்று யாரும் கேட்கமாட்டார்கள். மெக்சிகோவின் லிபெர்டாட்டும் நல்ல நாணயம்தான். அதில் முக மதிப்பே பொறித்திருக்காது என்பது புதியவர்களைத் திகைக்க வைக்கும், ஆனால் அது குறையல்ல.

முக மதிப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஈகிளில் ஒரு டாலர், மேப்பிளில் ஐந்து டாலர் என்றிருக்கும். உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு. அரசின் நாணயம் என்பதற்கான அடையாளமாக அந்த எண்ணைப் பாருங்கள், போதும். சில நாடுகளில் வரி விஷயத்தில் அந்த அடையாளம் உதவும்.

தனியார் ஆலைகள் அடிக்கும் வட்டங்களை 'ரவுண்ட்' என்பார்கள். அவை நாணயம் போலவே இருக்கும், சட்டப்படி நாணயம் அல்ல. பிரீமியம் குறைவு, விற்கும்போது கிடைப்பதும் குறைவு. நன்கு அறியப்பட்ட ஆலையின் ரவுண்டை வெறும் எடைக்காக வாங்குவது நியாயமான தேர்வுதான். ஆனால் முதல் சில நாணயங்கள் அரசு நாணயங்களாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. அவற்றைச் சோதிக்கத் தேவையான அளவுகள் வெளிப்படையாக இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க நிறைய நாணயங்களும் கிடைக்கும்.

இன்னொரு வகை, ஒரு காலத்தில் புழக்கத்தில் இருந்த பழைய வெள்ளிக் காசுகள். அமெரிக்காவில் 1964 வரை அடித்த டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் ஆகியவற்றில் 90% வெள்ளி உண்டு. பிரிட்டனின் வெள்ளிக் காசுகளில் 1919 வரை 92.5%, 1920 முதல் 1946 வரை 50%. தேய்ந்த காசில் வெள்ளியும் தேய்ந்திருக்கும், அதை எண்ணி விலை பேச வேண்டும்.

கையோடு கணக்குப் போடுங்கள்

ஒரு அவுன்ஸ் ஸ்பாட் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். டீலர் அந்த நாணயத்தை 118-க்கு விற்கிறார். அதே நாளில் அதே நாணயத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் 103 தருகிறார். பிரீமியம் 18% என்று தோன்றும். உங்களுக்கு உண்மையான செலவு 15, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளி. அதே விகிதம் நீடித்தால், போட்ட பணம் திரும்பி வரவே ஸ்பாட் விலை ஏறத்தாழ 115-ஐத் தொட வேண்டும். அதற்கு மேல் போவதுதான் லாபம்.

இப்போது பக்கத்தில் ஒரு ரவுண்ட் 109-க்குக் கிடைக்கிறது, திரும்ப எடுக்கும் விலை 96 என்று கொள்ளுங்கள். பார்த்தால் 9 ரூபாய் மலிவு போல இருக்கும். இடைவெளியோ 13. முதல் நாணயத்துக்கும் இதற்கும் உள்ள நிஜமான வித்தியாசம் 2 மட்டுமே. சில நாணயங்களில் பிரீமியம் கொடுத்தாலும் விற்கும்போது அதில் ஒரு பங்கு திரும்ப வரும், சிலவற்றில் வராது. எது வரும் என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, டீலரிடம் இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கேட்பது: இன்றைக்கு இதை என்ன விலைக்குத் தருவீர்கள்? இதே நாணயத்தை நான் கொண்டுவந்தால் இன்றைக்கு என்ன தருவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு மழுப்புகிற டீலரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள்.

சின்ன நாணயங்கள் ஏமாற்றும். கால் அவுன்ஸ், பத்தில் ஒரு அவுன்ஸ் எல்லாம் கைக்கு அடக்கமாக, 'கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்' என்று ஆசை காட்டும். சின்னதோ பெரியதோ அச்சடிக்கும் கூலி பெரிதாகக் குறையாது என்பதால், ஒரு கிராம் வெள்ளிக்கு நீங்கள் தரும் பிரீமியம் எகிறிவிடும். பத்து அவுன்ஸ், ஒரு கிலோ நாணயங்களில் பிரீமியம் குறையும். ஆனால் அவசரத்துக்குப் பாதியை மட்டும் விற்க முடியாது, வாங்க வருபவர்களும் குறைவு. ஒரு அவுன்ஸ்தான் நடுவாந்திரம். குழாயாக வாங்கினால் இன்னும் சற்றுக் குறையும்: ஈகிளும் பில்ஹார்மோனிக்கும் ஒரு குழாயில் 20, மேப்பிளும் பிரிட்டானியாவும் 25.

வரியையும் இதிலேயே சேருங்கள். முதலீட்டுத் தங்கத்துக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லாத பல நாடுகளில் வெள்ளிக்கு அது உண்டு. வாங்கும்போது கட்டிய வரி விற்கும்போது திரும்ப வராது. நீங்கள் இருக்கும் நாட்டின் விதியை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். அதோடு தபால் செலவு, காப்பீடு, அட்டைக் கட்டணம். எல்லாம் கூட்டிய பிறகு வருவதுதான் விலை.

எப்போது வாங்குவது

இதற்கு யாராவது உறுதியாகப் பதில் சொன்னால் அவரை நம்பாதீர்கள். 1980 ஜனவரியில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்த காலம் அது. மார்ச் 27-ல் விலை 11 டாலருக்கும் கீழே விழுந்தது. மறுபடி 49 டாலர் அருகே வந்தது 2011 ஏப்ரலில். 2015 முடியும்போது 14 டாலருக்கும் கீழே. தங்கத்தோடு ஒப்பிட்டால் வெள்ளிச் சந்தை சிறியது, தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளிலிருந்து வருவது, சுரங்க வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு தோண்டும்போது கூடவே கிடைப்பது. அதனால் விலை ஏறியதும் உற்பத்தியைச் சட்டென்று கூட்ட முடியாது. ஆட்டம் அதிகமாக இருப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

2020 மார்ச்சில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பாட் விலை 12 டாலருக்குக் கீழே போனது. மலிவாக வாங்கலாம் என்று ஓடியவர்களுக்கு டீலர்களிடம் கையிருப்பு இல்லை. இருந்த இடத்தில் பிரீமியம் தாறுமாறாக ஏறியிருந்தது. திரையில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை. அவசரமில்லாத பணத்தை, மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, பிரீமியம் வீங்கிய வாரங்களில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே பழகத்தக்க முறை. கடன் வாங்கி வெள்ளி வாங்குவது பற்றிப் பேசவே வேண்டாம். வெள்ளி வட்டி தராது.

போலியைப் பிடிப்பது

இதில் மட்டும் சோம்பேறித்தனம் கூடாது. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, விட்டமும் கனமும் அளக்க வெர்னியர் காலிப்பர், ஒரு வலுவான நியோடிமியம் காந்தம், இவை மூன்றும் இருந்தால் தொடங்கலாம்.

முதலில் காந்தம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது, செம்பும் ஈயமும்கூட ஒட்டாது. நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் காந்தத்தைச் சரியவிட்டால் வெள்ளியில் அது மெதுவாக வழுக்கும். நல்ல அறிகுறிதான், ஆனால் செம்பிலும் அப்படியே மெதுவாகத்தான் போகும். பனிக்கட்டியை மேலே வைத்தால் விறுவிறுவென்று உருகும் என்று காட்டும் காணொளிகளும் உண்டு. வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களில் வெள்ளிதான் முதலிடம், உண்மை. செம்பு அதற்கு அடுத்து ஒட்டியே வருகிறது. வெள்ளி முலாம் பூசிய செம்பை இந்த இரண்டு சோதனையும் தேர்ச்சி பெற வைத்துவிடும்.

செம்பைக் காட்டிக்கொடுப்பது எடையும் அளவும் சேர்ந்துதான். ஈகிளின் விட்டம் 40.6 மில்லிமீட்டர், கனம் 2.98 மில்லிமீட்டர், எடை 31.1 கிராம். வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பினுடையது 8.96. அதே அளவில் செம்பில் செய்தால் எடை 26.6 கிராம்தான் வரும். எடையைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் கனத்தை 3.5 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்ட வேண்டும். எடை, விட்டம், கனம் மூன்றையும் ஒருசேரச் சரியாக வைக்கப் போலிக்காரருக்கு வெள்ளியின் அடர்த்தியே கொண்ட உலோகம் வேண்டும். ஈயக் கலவைகளில் அது முடியாத காரியம் அல்ல, ஆனால் ஈயம் தட்டினால் மந்தமாக ஒலிக்கும், காந்தத்தையும் அவ்வளவாக மந்தப்படுத்தாது. ஒவ்வொரு சோதனையும் ஏதாவதொரு போலியைத் தப்பவிடும், சேர்த்துச் செய்தால் தப்பிப்பது கடினம்.

அடர்த்தியை நேரடியாகவே பார்க்கலாம். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்குங்கள். ஒரு அவுன்ஸ் தூய வெள்ளிக்குத் தராசு 2.96, 2.97 கிராம் என்று காட்டும். அதே எடையுள்ள செம்புக்கு 3.47 காட்டும். குமிழ் ஒட்டியிருந்தால் எண் தவறும், லேசாக ஆட்டிவிடுங்கள். எடுத்ததும் தேய்க்காமல் ஒற்றி ஈரத்தை எடுங்கள். சேகரிப்பு நாணயத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

நாணயச் சாலைகளும் சும்மா இருக்கவில்லை. மேப்பிளில் 2014-லிருந்து கதிர்போல் விரியும் நுண்கோடுகள். பிரிட்டானியாவில் 2021-லிருந்து, சாய்த்தால் பூட்டாகவும் சூலமாகவும் மாறும் உருவம். ஈகிளில் 2021-ல் வந்த புதிய வடிவத்தின் விளிம்பு வரிகளில் ஓரிடத்தில் ஒரு வரி இருக்காது. மற்றொன்று, ஈகிளை மேலும் கீழுமாகப் புரட்டினால்தான் பின்புறம் நேராக நிற்கும். பக்கவாட்டில் புரட்டியும் நேராக நின்றால் சந்தேகப்படுங்கள்.

இணையத்தில் '100 மில் 999 வெள்ளி' என்று எழுதி விற்பவை முலாம் பூசியவை. 'ஜெர்மன் சில்வர்' என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதில் வெள்ளி துளியும் இல்லை. ஸ்பாட் விலைக்கும் கீழே முன்பின் தெரியாதவர் ஈகிள் விற்றால், அவர் ஏன் பக்கத்து டீலரிடம் போய் அதைவிட அதிகம் வாங்கவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேகரிப்பாளருக்குக் கொஞ்சம் தனியாக

ஆண்டுதோறும் படம் மாறும் நாணயங்கள், ஆஸ்திரேலியாவின் கூகபுர்ராவும் பாண்டாவும் போல, தொகுப்பாகச் சேர்க்கச் சுவையானவை. பாண்டாவில் போலிகள் நிறைய என்பதை மறக்க வேண்டாம். ஈகிளில் சாதாரண அச்சுகளில் குறைவாக அடித்தது 1996-ல், 36 லட்சம் சொச்சம். 1995-ன் டபிள்யூ (வெஸ்ட் பாயின்ட் நாணயச் சாலை) முத்திரை கொண்ட புரூஃப், அதாவது சேகரிப்பாளருக்கென்று தனியாக அடித்த பளபளப்பான அச்சு, வெறும் 30,125. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் 'குறைவு' என்பதற்கும் 'அரிது' என்பதற்கும் இடையிலான தூரம்.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து மதிப்பெண் தரும் நிறுவனங்கள் உண்டு. பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் தொடங்கின. மதிப்பெண் 1 முதல் 70 வரை. புதிதாக அடித்த புல்லியன் (முதலீட்டு) நாணயத்துக்கு 70 கிடைப்பது அதிசயம் அல்ல, ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. நாளைக்கு இன்னும் பலர் அனுப்பினால் இன்னும் கிடைக்கும். பெட்டியின் மேல் 'முதல் அச்சு' என்றிருந்தால், அது வெளியான முதல் 30 நாள் அளவில் வந்தது என்று பொருள். அச்சு இயந்திரத்திலிருந்து முதலில் விழுந்தது என்றல்ல. பழைய, விலை கூடிய, போலிக்கு வாய்ப்புள்ள நாணயத்துக்குப் பெட்டி உதவும். நேற்று அடித்த ஈகிளுக்கு இரட்டை விலை கொடுக்க அது காரணமாகாது.

புரூஃப் நாணயம் கண்ணாடிபோல் பளபளக்கும், அழகான பேழையில் வரும். பிடித்திருந்தால் வாங்குங்கள். முதலீட்டுக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். விற்கப் போகும்போது பல டீலர்கள் அதையும் எடைக்கே எடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. காற்றிலுள்ள கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு, அது அருகிலேயே வேண்டாம். மெத்தென்று மடியும் பிவிசி உறைகள் காலப்போக்கில் பச்சைப் பிசுபிசுப்பை விட்டு நாணயத்தை அரிக்கும். கெட்டியான காப்ஸ்யூலோ நாணயச் சாலையின் குழாயோ போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டுவையுங்கள்.

பால் தெறித்தது போன்ற வெண்புள்ளிகள் புத்தம்புதிய நாணயத்திலும் வரும். கனடா 2018-லிருந்து அதைக் குறைக்கத் தனிப் பாதுகாப்பு முறையைப் பயன்படுத்துகிறது. புள்ளி வந்தால் வெள்ளியின் மதிப்பு குறையாது, சேகரிப்பு மதிப்பு குறையும். கறுத்த நாணயத்தைப் பற்பசையாலோ பாலிஷாலோ தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த தடம் சேகரிப்பாளரின் கண்ணுக்கு உடனே தெரியும், அதற்குப் பிறகு அது வெறும் உலோகம்தான்.

500 அவுன்ஸ் என்றால் பதினைந்தரை கிலோ. அதே மதிப்புள்ள தங்கம் சட்டைப்பைக்குள் அடங்கும். வெள்ளி இடத்தை அடைக்கும் என்பதால் எங்கே வைப்பது, வீட்டுக் காப்பீடு இதைச் சேர்க்கிறதா, வங்கிப் பெட்டகத்தின் ஆண்டு வாடகை எவ்வளவு என்பதை முன்பே கேட்டுவையுங்கள். உங்களிடம் என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லாமல் இருப்பது எல்லாப் பூட்டையும்விட மலிவு. அதேசமயம் வீட்டில் நம்பகமான ஒருவருக்காவது எங்கே இருக்கிறது, தோராயமாக என்ன பெறும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கிய தேதி, நாணயத்தின் பெயர், எண்ணிக்கை, கொடுத்த விலை, அன்றைய ஸ்பாட் விலை, இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி ரசீதையும் அதிலேயே ஒட்டுங்கள். விற்கும்போது வரிக் கணக்குக்கு அது தேவைப்படும். இருபது நாணயம் சேர்ந்ததும் அதில் ஒன்றிரண்டை இரண்டு மூன்று டீலர்களிடம் காட்டி, இன்றைக்கு என்ன தருவீர்கள் என்று விலை கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த குழாயை எந்த நாணயத்தில் வாங்குவது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.